முன்னூறு ஜிபியை யார் தின்றது?

ஐப்பசி 5, புதன்கிழமை
திருப்பனந்தாள்

அன்புப் பேத்தி வானதிக்கு அப்பாயி ஆனந்தவல்லி பிரியத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் தாத்தாவும் கறவை மாடும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் கொள்ளுப் பேரனும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை, வீட்டில் இன்டர்நெட் வைத்துக்கொண்டும் தபாலில் கேட்கும்படி ஆகிவிட்டது.

முதலில் நம் வீட்டுப் பேரப்பிள்ளைகள் சேதி. பிரபுவுக்கு வேளாண்மை இலாகாவில் வேலை கிடைத்து வேதாரண்யத்தில் போட்டிருக்கிறார்கள். உப்புக் காற்றில் சட்டையெல்லாம் பிசுபிசுக்கிறதாம், ஆனால் மேசையில் அவன் பெயர் போட்ட பலகை இருக்கிறதாம். பிரகதீஸ்வரி தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் மூன்றாம் வருஷம். போன வாரம் வந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்து, எனக்கு இன்னும் இருபது வருஷத்துக்குக் குறைவில்லை என்றாள். நீ நெதர்லாந்தில் கம்ப்யூட்டர் என்ஜினியர். இது உனக்கே தெரியும், ஆனாலும் எழுதினால்தான் எனக்குக் கடிதம் நிறைந்த மாதிரி இருக்கும். எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவன் உன் பிள்ளை. ஐந்து மாசம் முடிவதற்குள் குப்புற விழுந்து தலையைத் தூக்கிவிட்டான். இத்தனையும் நேற்று இன்டர்நெட் கம்பெனி ஆபீசில் ஒன்று விடாமல் சொன்னேன். அங்கே எதற்குச் சொன்னாய் என்று கேட்பாய். நாம் பொய் சொல்லுகிற குடும்பம் இல்லை என்று அவர்களுக்குத் தெரியவேண்டாமா?

விஷயம் இதுதான். பிள்ளை பிறந்தவுடன் உங்கப்பன் செந்தில்குமார் இந்த இன்டர்நெட் லைனையும் முகம் பார்த்துப் பேசுகிற டேப்பையும் வாங்கிக் கொடுத்தான் இல்லையா, அதில் மாசத்துக்கு முன்னூறு ஜிபி. ஒண்ணாம் தேதி நிறைப்பார்கள், தீர்ந்துபோனால் வேகத்தைக் குறைப்பார்கள். போன மாசம் பதினேழாம் தேதியே தீர்ந்தது என்றார்கள், இந்த மாசம் பத்தொன்பது. தீபாவளியன்று பிள்ளை புதுச்சட்டை போட்டுக்கொண்டு மடியில் உட்கார்ந்ததை நான் சதுரம் சதுரமாகத்தான் பார்த்தேன். மூக்கு ஒரு சதுரம், கன்னம் ஒரு சதுரம். அடுத்த மாசம் இருபத்துமூணாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சோறூட்டு. நம்ம நிலத்து அரிசிதான் முதல் வாயில போகணும்னு ஒரு படி அரிசியைப் பார்சல் கட்டி அனுப்பிட்டு, அது வாயில போறப்ப அவன் முகம் எப்படிப் போகுதுன்னு பார்க்க முடியலைன்னா எனக்கு என்ன இருக்கு சொல்லு. பதினேழாம் தேதி தீர்ந்துபோற லைன் இருபத்துமூணாம் தேதிக்கு எங்கேருந்து வரும்? அதுக்குத்தான் இந்தச் சண்டையெல்லாம்.

நாம பேசறது ஒரு நாளைக்கு அரைமணி நேரம். மிச்ச ஜிபியை யார் தின்றது? தாத்தா வைத்திருப்பது பொத்தான் போன், அதையும் வயலுக்குப் போகும்போது மறந்துவிட்டுப் போவார். முதலில் எனக்குப் பக்கத்து வீட்டு நீலாம்பாள் மேல் சந்தேகம். அவள் பேரன் நம்ம சுவத்துப் பக்கமா சாய்ஞ்சுக்கிட்டுத்தான் எப்பப் பாரு போன் நோண்டறான். ஜாடையா, "சிலபேர் வீட்டுக்கு வாய்க்கால் வெட்டாமலே தண்ணி பாயுது"ன்னேன். அவ புரிஞ்சுக்கிட்டா. "எங்க வீட்டு லைன் உங்களோடதைவிட ரெண்டு பங்கு வேகம் ஆனந்தவல்லி. வேணும்னா நீங்க வந்து எங்க சுவத்துல சாய்ஞ்சுக்குங்க"ன்னா. அன்றோடு அவள் கொல்லை முருங்கைக்காய் வருவது நின்றது. முப்பது வருஷப் பழக்கம்.

பிறகு தாத்தாவுக்கு ஒரு யோசனை. வாய்க்காலில் விட்ட தண்ணி வயலுக்கு முழுசா வரலைன்னா, வழியில எங்கேயோ வரப்புல நண்டு வளை இருக்குன்னு அர்த்தம், ஒயரும் அப்படித்தான் இருக்கும்னார். எனக்கும் சரின்னு பட்டது. காலையில் போஸ்ட் மரத்திலிருந்து வீடுவரைக்கும் ஒயரைத் தடவிக்கொண்டே வந்தார். வேப்பமரத்துக்கிட்ட ஒரு இடத்துல கறுப்பு இன்சுலேஷன் டேப் சுத்தியிருந்தது. "இந்தா இருக்கு பாரு வளை"ன்னு உரச் சாக்கைக் கிழிச்சு இறுக்கக் கட்டினார். வரப்புக்குக் கட்டுகிற கட்டு அது, ஒயர் தாங்குமா. பட்டென்று அறுந்துபோய்விட்டது. லைன்மேன் வந்து சேர்த்துக் கொடுக்க இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் நான் பிள்ளையைப் பார்க்காமல் தாத்தாவோடு பேசாமல் இருந்தேன். அவருக்கு அது வசதியாக இருந்திருக்கும்.

நேற்று, தீபாவளிக்கு மறுநாள், பஸ் பிடித்துக் கும்பகோணம் ஆபீசுக்கே போய்விட்டேன், கையில் அதிரசத் தூக்கோடு. சண்டைக்குப் போனாலும் பண்டிகை நேரத்தில் வெறுங்கையோடா போவது. பூவிழி என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தது, நல்ல பொண்ணுதான். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டிச்சு. தேதிக்கு ஒரு கம்பமா வரிசையா நிக்குது, எல்லாம் ஒரே உசரம்.

"பாட்டி, தினமும் பதினேழு பதினெட்டு ஜிபி உங்க வீட்டுல எடுத்திருக்கீங்க."

"எடுத்து எங்கம்மா வச்சிருக்கோம்? வந்து பாரு."

"வைக்கிறது இல்லீங்க பாட்டி. செலவாயிடும்."

"அதான் யார் செலவு பண்ணினதுன்னு கேக்குறேன். கரண்டுக்கு மீட்டர் எங்க வாசல்லயே சுத்துது. ஆள் வந்து பார்த்து அட்டையில எழுதிட்டுப் போறாரு. உங்க மீட்டர் எங்கே?"

"அது சர்வர்ல இருக்கு."

"எந்தத் தெரு?"

அப்போதுதான் பிள்ளைகள் சேதியையெல்லாம் சொன்னேன். வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். அப்புறம் அளக்கிறது எப்படின்னும் சொன்னேன். நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தப்ப களத்துல நெல் அளந்தவர் முருகையன். முதல் மரக்காலுக்கு ஒண்ணுன்னு சொல்ல மாட்டார், "லாபம்"னு ஆரம்பிப்பார். அப்புறம் ரெண்டு, மூணுன்னு இழுத்துப் பாடற மாதிரி போவும். நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே நம்ம வீட்டுக்கு எத்தனை கலம்னு சொல்லிடுவேன். அறுத்தவங்க காதிலயும் விழும், நிலத்துக்காரர் காதிலயும் விழும், குருவி காதிலயும் விழும். மரக்கால்ல முத்திரை இருக்கும். பிறகு மூஸா பாய் பஸ் ஸ்டாண்டுல போன் பூத் வச்சாரு. உங்கப்பன் மெட்ராஸ்ல படிக்கிறப்ப ஞாயித்துக்கிழமை போய் நிப்பேன். செவப்பு நம்பர் ஓடற பெட்டியை மூஸா பாய் நம்ம பக்கம் திருப்பி வைப்பாரு, "நீங்களே பார்த்துக்குங்கம்மா"ன்னு. மூணு நிமிஷத்துல ஒரு மாசத்துச் சேதியைச் சொல்லி, சாப்பிட்டியான்னும் கேட்டு, அழறதுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்தப் பெட்டியில முகம் தெரியாது. ஆனா குரல் முழுசா வந்தது கண்ணு, ஒரு எழுத்து குறையாம வந்தது. "அந்தக் காலத்துல அளந்தவங்க எல்லாம் சத்தமா அளந்தாங்க. உங்க மிஷின் மட்டும் ஏம்மா வாயை மூடிக்கிட்டு அளக்குது?"ன்னேன். வரிசையில் ஒரு பெரியவர் தலையை ஆட்டினார்.

பூவிழி ஒன்று சொன்னது: "இந்த மாசம் எட்டும் ஒன்பதும் பாருங்க பாட்டி, கம்பமே இல்லை. லைன் அறுந்த நாள். மீட்டர் பொய் சொன்னா அன்னைக்கும் ஏறியிருக்கும்ல?" கெட்டிக்காரப் பொண்ணு. நான் அதிரசம் எடுத்துக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிட்டேன். கூடுதலாக நூறு ஜிபி போட்டுத் தரட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாங்கிக்கிட்டா முன்னூறையும் நாமதான் தின்னோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி. உன் தாத்தா இதைக் கேட்டு, "சோறூட்டைப் பார்க்கறது பெருசா, ஜெயிக்கறது பெருசா?" என்றார். இரண்டும்தான் என்றேன்.

வெள்ளிக்கிழமை அண்ணாதுரை என்கிற பையன் மிஷினோடு வந்து வீட்டிலேயே சோதித்துப் பார்க்கப் போகிறான். அவர்கள் தப்பு வெளியில் வரும். நம் வீட்டில் ஒரு சொட்டு வீண் கிடையாது என்று எழுதி வாங்கப் போகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் இருக்கவேண்டும். பிள்ளை பல் முளைத்து, நடை பழகி, நம் வாசலில் ஓடவேண்டும். குளிரில் அவனுக்குக் காதை மூடு.

இப்படிக்கு,
உன் அப்பாயி
ஆனந்தவல்லி

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை எழுதுகிறேன். மேலே எழுதினதை நம்பாதே. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் கை வலிக்கிறது.

அண்ணாதுரை வந்து மிஷினைப் பார்த்துக்கொண்டே வீட்டைச் சுற்றினான். சாமி மாடத்துக்கிட்ட வந்து நின்னு, "இது என்ன பாட்டி, துணி போட்டு மூடியிருக்கு?"ன்னான். டேப்தான். உன்கூடப் பேசி முடிச்சதும் அந்தச் சிவப்புப் பொத்தானைத் தொட எனக்கு மனசு வராது கண்ணு. கிளம்பறவங்களையே போறேன்னு சொல்ல விடமாட்டோம். பிள்ளை முகம் இருக்கிற இடத்துல நான் எப்படி அறுத்துவிடறது? திருஷ்டி படாம இருக்கட்டும்னு என் பழைய சேலைத் துணியைப் போட்டு மூடி, சார்ஜுல சொருகிட்டு வந்துடுவேன். மறுநாள் துணியை எடுத்தா பிள்ளை இருப்பான். கூப்பிடக்கூட வேண்டாம், நல்ல மிஷின்னு நினைச்சிருந்தேன். பேச்சு அறுபடாம ராத்திரி பகலா ஓடியிருக்கு. பையன் சிரிக்கலை, அதுவே பெரிய மனசு. நூறு ஜிபியை அடுத்த மாசத்துக்குச் சேர்த்துப் போடச் சொல்லிவிட்டேன், சோறூட்டு அன்று முகம் முழுசாகத் தெரியும் என்றான். நீலாம்பாளிடம் நாளைக்குப் போகவேண்டும், என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு பக்கமும் திறந்திருந்தால்தான் லைன் நிற்குமாம். ஒரு பக்கம் வைத்தாலே போதுமாம், பேச்சு அறுந்துவிடுமாம். அப்படின்னா நீயும் வைக்கலை. துணிக்கு அடியில உனக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? தாத்தா இருமறது, மாடு கத்தறது, காலையில நான் வாசல் பெருக்கறது, இதெல்லாம் கேட்டிருக்கும். ஏன் வைக்கலைன்னு நான் கேட்கமாட்டேன்.

சோறூட்டு அன்று பேசி முடித்ததும் நீயே அந்தச் சிவப்பை அமுக்கிவிடு. எனக்குக் கை வராது. அன்றைக்குப் புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. பிள்ளையை மட்டும் எடுக்கச் சொல்லாதே. நீயும் இருக்கவேண்டும், முகம் நன்றாகத் தெரியும்படி.