துபாய்க்கு வரும் வியாபாரிக்கு நாற்பது ஆலோசனைகள்

வளைகுடாவுக்கு வியாபாரம் பேச வருகிற முஸ்லிமுக்கு ஆலோசனை எதுவும் தேவையில்லை என்று உலகத்தில் ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. இது மிகப் பெரிய பிழை. மற்றவர்கள் பயந்துகொண்டு வருகிறார்கள். எந்தக் கையை நீட்டலாம், எதைக் கேட்கலாம் என்று நாலு புத்தகம் படித்துவிட்டு வருகிறார்கள். முஸ்லிம் வியாபாரியோ பெரியப்பா வீட்டுக்கு வருவதுபோல வருகிறார். தொழுகைக்கு எந்தத் திசை என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தெரிந்த மாதிரி என்று நினைக்கிறார். ஐந்தாவது நிமிடத்தில் விலையைச் சொல்கிறார். ஆறாவது நிமிடத்தில், "உங்க மனைவி சுகமா?" என்று அன்போடு விசாரிக்கிறார். ஏழாவது நிமிடத்தில் வாசலில் செருப்பைத் தேடுகிறார்.

இந்தப் பிழையை உலகத்திலிருந்து அகற்றவே நான், துபாய்க்காரன் கல்ஃபான், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நாற்பது ஆலோசனைகள் கொண்ட கையேடு ஒன்றை எழுதி அச்சிட்டேன். இருநூறு பிரதிகள். நண்பர்களுக்குக் கொடுத்த ஆறு போக மற்றவை என் மஜ்லிஸில் பத்திரமாக இருந்தன.

மஜ்லிஸ், தெருப்பக்கம் தனி வாசல் உள்ள முன்னறை. வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே இடம். வியாழக்கிழமைதோறும் அந்த ஆறு நண்பர்களும் வந்து மெத்தையில் சாய்வார்கள். உலகத்தைச் சரிசெய்வோம். என் மனைவி அஃப்ராவுக்கு மூன்று வருடமாக அந்த அறைமேல் கண். அவள் அகில் தூளையும் கஸ்தூரியையும் குழைத்து, வீட்டில் புகை போடுகிற புகூர் செய்து விற்கிறாள். எங்கள் வழக்கப்படி மகன் பெயரைச் சொல்லி, மாயித்தின் அப்பா, மாயித்தின் அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

"அபூ மாயித், அந்த அறைய எனக்குக் குடுங்க. வாங்க வர்ற பொம்பளைங்க சமையக்கட்டுல மீன் வாசனைக்கு நடுவுல நின்னு புகூர மோந்து பாக்குறாங்க."

"மஜ்லிஸ் இல்லாதவன் என்ன ஆம்பள, உம் மாயித்? அது வியாபாரம் பேசுற இடம்."

"யாரோட வியாபாரம்?"

"பொதுவாச் சொன்னேன்."

"மூணு வருஷத்துல அந்த மெத்தைல ஒக்காந்து ஒரு வியாபாரம் முடிஞ்சிருக்கா? ஒண்ணே ஒண்ணு முடியட்டும். அப்புறம் அந்த அறையப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன்."

"முடியலன்னா?"

"காலி பண்ணுங்க."

சரி என்றேன். அடுத்த வாரமே ஹாஜி ருஸ்லி வந்து இறங்கினார். மலேசியாவில் கிளந்தானைச் சேர்ந்த அகில் கட்டை வியாபாரி. என் ஆறு நண்பர்களில் ஒருவனான உபைதுக்கு மூன்று புகூர் கடைகள். ஒருவரிடம் கட்டை, ஒருவனிடம் கடை, நடுவில் என் மெத்தை. இதில் எங்கே தவறு நடக்கும்?

மூன்று நாள் ருஸ்லியைக் காரில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். கஹ்வாவை, அதாவது எங்கள் அரபுக் காப்பியை, வலக்கையால் வாங்க வேண்டும். போதுமென்றால் கோப்பையை ஆட்ட வேண்டும். விலை பேச அவசரப்படக் கூடாது. எல்லாவற்றையும் சிறு நோட்டில் எழுதிக்கொண்டார். மலாய்க்காரர் மரியாதைப்படி என்னை 'துவான்' என்றே அழைத்தார்.

"துவான் கல்ஃபான், மனைவியப் பத்திக் கேக்கவே கூடாதா?"

"கூடாது. 'வீட்டார் நலமா'ன்னு கேளுங்க. போதும்."

அவர் மனைவி மைமூனா அந்த மூன்று நாளும் உள்ளே அஃப்ராவோடு இருந்தாள். பெண்கள் உள்ளே என்ன பேசுவார்கள்? சமையல் பேசுவார்கள். அப்படித்தான் நினைத்தேன்.

வியாழக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்தது. ஆறு பேரும் ஆஜர். நானே கஹ்வா ஊற்றினேன். ருஸ்லி வலக்கையால் வாங்கினார். எனக்குப் பெருமையாக இருந்தது. வாங்கியவர் குடிக்கவில்லை. கோப்பையைத் தமக்கு முன்னால் கம்பளத்தில் வைத்தார்.

ஆறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்களிடம் இதற்கு அர்த்தம் ஒன்றுதான். விருந்தாளிக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வீட்டுக்காரன் சம்மதிக்கும்வரை குடிக்கமாட்டார். மானமுள்ளவன் அது என்ன வேண்டுகோள் என்றுகூடக் கேட்கமாட்டான். பழைய வழக்கம். கையேட்டில் முப்பத்தேழாவது ஆலோசனை. காரில் சொல்ல மறந்திருந்தேன். மனுஷன் தானாகவே படித்திருக்கிறார்! வேறென்ன கேட்கப் போகிறார்? உபைதிடம் சிபாரிசு கேட்பார்.

தாடியைத் தடவிக்கொண்டேன்.

"குடிங்க, ஹாஜி. நீங்க கேக்கப்போறது கெடச்சாச்சு. இந்த ஆறு பேரும் சாட்சி."

குடித்தார். கோப்பையை ஆட்டினார். நோட்டை விரித்தார்.

"உங்க வீட்டார் நலமா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"மாசாமாசம் பத்துக் கிலோ அகில் உங்க வீட்டாருக்கு அனுப்புறதா என் மனைவி பேசிட்டாங்க. நீங்க சம்மதிச்சதுல இப்ப முடிவாயிடுச்சு. சரக்கு வைக்க வெயில் படாத அறை வேணும். ஏசி வேணும். தெருப்பக்கம் தனி வாசல் வேணும்." ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இந்த அறை, துவான்."

நியாயப்படி உபைத் அழ வேண்டும். கைக்கு வந்த சரக்கு போய்விட்டது. அவனோ என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "கட்டை போனாப் போவுது. சொன்ன சொல்லு சொன்னதுதான், கல்ஃபான். நான் சாட்சி."

உள்கதவு ஒரு சாண் திறந்தது. தூபக்கால் ஒன்று புகையோடு உள்ளே நகர்ந்து வந்தது. எங்கள் ஊரில் தூபக்கால் வந்தால் விருந்தாளிகள் கிளம்ப வேண்டும். ருஸ்லி எழுந்தார். ஆறு பேரும் எழுந்தார்கள். பழக்கதோஷத்தில் நானும் எழுந்துவிட்டேன். அவர்களை அனுப்பிவிட்டு உள்ளே போனேன்.

"உம் மாயித்! வாயே தொறக்க மாட்டேன்னு சொன்னியே!"

"தொறந்தேனா?"

யோசித்துப் பார்த்தேன். திறக்கவில்லை.

"அந்த மெத்தைல ஒரு வியாபாரம் முடிஞ்சுதா இல்லியா? நீங்க ஜெயிச்சிட்டீங்க, அபூ மாயித்."

"கோப்பையைக் கீழ வைக்கச் சொல்லி அந்த மனுஷனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான். முப்பத்தேழாவது. மைமூனாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. நான் ரெண்டு தடவ படிச்சேன்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நிலையிலும் எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. கையேட்டை முழுவதும் படித்த முதல் ஆள்.

அடுத்த வியாழக்கிழமை நண்பர்கள் வழக்கம்போல வந்தார்கள். சமையலறையில் உட்காரவைத்தேன். அஸருக்கும் அந்தி மக்ரிபுக்கும் இடையில் ஏழு கிலோ பேரீச்சம்பழத்துக்குக் கொட்டை எடுத்து முடித்தோம்.