மானியத்தாரின் அடுத்த மெசின்

அரசாங்கம் ஒட்டகத்துக்கு மானியம் அறிவித்தால், துடியலூர்ப் பக்கத்தில் முதல் ஒட்டகம் மானியத்தார் தோட்டத்தில்தான் கட்டியிருக்கும். அதற்கு என்ன தீவனம் போடுவது என்பதெல்லாம் பிறகு. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. எங்கள் வேளாண்மை அலுவலகத்தில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அங்கே நான் உதவி அலுவலர். மானியத்தில் பொருள் கொடுத்தால், விவசாயியை அவருடைய நிலத்தில் அந்தப் பொருளோடு நிற்க வைத்துப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். மற்றவர்கள் வேலை செய்த லுங்கியோடு அப்படியே வந்து நிற்பார்கள். மானியத்தார் மட்டும் பட்டுக்கரை வேட்டி கட்டி, மீசைக்கு எண்ணெய் போட்டு, மருந்து தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்பார்.

தேனீப் பெட்டி வாங்கிய அன்றுதான் சிக்கலாகிவிட்டது. மனிதருக்குத் தேனீ என்றால் உயிர் நடுங்கும். ஆளும் பெட்டியும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் போய், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினார். படத்தைப் பார்த்த மேலதிகாரி, "இதுல பயனாளி எங்கேய்யா?" என்று கேட்டார். தேங்காய் காயவைக்கக் கொடுத்த சூரிய உலர்த்தியில் மானியத்தாரின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்த விஷயம் நல்லவேளையாக அவர் வரை போகவில்லை.

பேராசை என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். எதற்கு இத்தனை பொருள் என்று ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன். சுற்றியிருந்த தோட்டமெல்லாம் வீட்டு சைட்டாகிவிட்டது, இதையும் விற்றுவிடலாம் என்று மகன் வாராவாரம் வந்து நச்சரிக்கிறான் என்றார். மானியப் பொருளைச் சில வருஷங்களுக்கு விற்கக் கூடாது என்று விதி உண்டு. அது நிலத்துக்கும் சேர்த்துத்தான் என்று மகனிடம் அடித்துவிட்டிருக்கிறார். ஒன்றின் கெடு முடிவதற்குள் அடுத்ததை வாங்கிவிடுவார்.

"பையனைப் பகைச்சுக்க முடியுங்களா சார்? அதான் கவர்மென்ட்டை முன்னால நிறுத்திப்போட்டேனுங்க."

போன மாதம் களை எடுக்கும் மெசின் வந்தது. போட்டோ எடுக்கப் போனால், மகன் எனக்காகவே காத்திருந்தான். மெசினை விற்கக் கூடாது சரி, நிலத்தை விற்கவும் தடை இருக்கிறதா என்று நேராகக் கேட்டான். மானியத்தார் என் வாயையே பார்த்தார். உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை, பொய் சொல்லவும் முடியாது. நிலத்துக்குத் தடை இல்லை, மெசினை மட்டும் ஆய்வுக்கு வரும்போது காட்ட வேண்டும் என்றேன். எண்ணெய் போட்ட மீசை அப்படியே தொங்கிப்போயிற்று. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அதுவரை மோர் ஊற்றிக்கொண்டிருந்த வீட்டம்மா சொம்பைக் கீழே வைத்தார். "ஏங்கண்ணு, காட்டை வித்துப்போட்டு இந்த மெசினை எங்க நிறுத்தறது? உன்ற ஊட்டு பால்கனியிலயா?"

மகன் மெசினைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் தலை மறைந்ததும் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சார், பொம்பளை பேருன்னா மானியம் கொஞ்சம் சேத்திக் குடுப்பாங்களாமா. பாதித் தோட்டத்தை என்ற பேருக்கு எழுதச் சொல்லிப்போட்டேனுங்க. எழுதினதுக்கப்பறம் விக்கோணும்னா நானும் கையெழுத்துப் போடோணும். நான் போட மாட்டனுங்க."

மானியத்தார் மீசையை முறுக்கிவிட்டு, மெசின் பக்கத்தில் அம்மாவுக்கும் இடம் விட்டுத் தள்ளி நின்றார். இரண்டு பேரையும் சேர்த்தே எடுத்தேன்.

மேலதிகாரி படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, இதில் யார்தான் பயனாளி என்று கேட்டார். ரெண்டு பேரும்தான் சார் என்றேன். அடுத்த திட்டம் எப்போது வரும் என்று இப்போது நானும் காத்துக்கொண்டிருக்கிறேன்.