கடைவாய்ப் பல்லும் ஏழு மணி மாத்திரையும்

உத்திரமேரூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை டாக்டர் கலைச்செல்வன் அவர்களுக்கு மாமியார் ராணியம்மாள் எழுதுவது. நீங்களும் பிரபாவும் குழந்தைகளும் குறையில்லாமல் இருக்க என் ஆசிகள்.

எனக்கும் எதிர்வீட்டுச் சிட்டம்மாளுக்கும் சண்டை என்று பிரபாவிடம் யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. மாலை ஏழிலிருந்து ஏழு இருபது வரை நான் வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். காரணம் நீங்கள் கொடுத்த மாத்திரை.

கடைவாய்ப் பல்லில் உள்ள சொத்தை பரவாமல் இருக்க நல்ல கிருமிகள் உள்ள மாத்திரை, இரவு பல் துலக்கியபின் வாயிலேயே கரையவேண்டும், பலன் நிச்சயமில்லை, முயன்று பார்ப்போம் என்றீர்கள். நான் ஒரு நாளும் தவறவில்லை. வாயில் எதையாவது வைத்துக்கொண்டு பேசக்கூடாது என்பது கான்வென்டில் சிஸ்டர் கற்றுக்கொடுத்த ஒழுக்கம். எழுபத்தாறு வயதில் அதை மாற்றுவதாக இல்லை. சிட்டம்மாளோ நாற்பது வருடமாகச் சரியாக ஏழு மணிக்குத்தான் வருகிறாள். முதல் நாள் விரலைக் காட்டிச் சற்றுப் பொறுக்கும்படி சைகை செய்தேன். "இன்னாக்கா, நான் இன்னா கொலையா பண்ட்டேன்? மூஞ்சக் கொடுத்து ஒரு வார்த்த பேச மாட்டேங்கிறே!" என்றாள். மறுநாள் காலண்டர் தாளின் பின்பக்கம், 'வாயில் நல்ல கிருமிகள் இருக்கின்றன, பிறகு பேசுகிறேன்' என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன். அவள் அதைப் படித்துவிட்டு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசலுக்குப் போய், "கிருமிய வூட்ட வுட்டுத் தொரத்துவாங்க, இது இன்னாடான்னா வாய்ல வெச்சி வளத்துக்கினு கீது!" என்று தெருவுக்கே அறிவித்தாள். அடுத்த நாள் காலை பால்கார மோகன்குமார், "பெரிம்மா, சொம்ப கேட்டாண்ட வெச்சிட்டு உள்ள போய்டு, நா ஊத்திட்டுப் பூட்றேன்" என்று தூரத்தில் நின்று கத்தினான். மத்தியானம் சுகாதார நிலையத்து நர்ஸ் முகமூடியோடு வந்து, இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்டாள். மாத்திரை டப்பாவைக் காட்டினேன். சிரித்துவிட்டுப் போய், பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான் இதுவும் என்று சிட்டம்மாளுக்குச் சொல்லியிருக்கிறாள். பயம் போய்விட்டது, ரோஷம் போகவில்லை. பதினொரு நாளாக அவள் வரவில்லை.

எட்டு மணிக்கு நான் தூங்கிவிடுவதால் நேரத்தை மாற்ற வழியில்லை. என் பற்கள் முப்பத்திரண்டும் சொந்தம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஏழு மணிக்கு எதிர் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்க்க முடியவில்லை. ஆகவே மாத்திரையை நிறுத்துகிறேன். அந்தக் கடைவாய்ப் பல்லை வருகிற சனிக்கிழமை நீங்களே எடுத்துவிடுங்கள். நர்ஸிடமும் சொல்லிவிட்டேன். பிரபாவுக்கு என் அன்பு. வெயிலில் குழந்தைகளைச் சுற்ற விடவேண்டாம்.

இப்படிக்கு,
ராணியம்மாள்.

பி.கு.: பல்லை எடுக்கவேண்டாம். கவரை ஒட்டும்போது, நர்ஸ் சொல்லிக் கேள்விப்பட்டு சிட்டம்மாள் வந்தாள். "என்னாலதான் பல்ல புடுங்கினேன்னு நாளைக்கு ஊரெல்லாம் சொல்லுவே. எனக்கும் ஒண்ணு குடுக்கா, நானும் வாய மூடிக்கினு குந்திக்கிறேன்" என்றாள். கொடுத்தேன். இருபது நிமிடம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கரைந்ததும் பதினொரு நாள் கதையையும் ஒன்பதரை மணி வரை சொல்லித் தீர்த்தாள். இனி மாதம் இரண்டு டப்பா அனுப்புங்கள். அவளுக்கு இருப்பது முழுக்கப் பல்செட்டு, சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்டவர் இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் கெடுதல் ஏதும் உண்டா என்பதை, அவள் காதில் விழாதபடி, போனில் சொல்லாமல் கடிதமாக எழுதி அனுப்பவும்.