திமிங்கிலத்துக்கு ஏணி ஏது?

நோட்டன் பிரிட்ஜ் சிறில் வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவியிடம் ‘முடியாது’ என்று சொல்லிவிடுவதாக முடிவெடுத்தார். முடிவெடுத்தது குளியலறையில். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு.

விஷயம் இதுதான். அவர் மனைவி டோரீன் டீச்சரை நல்லதண்ணி என்ற ஊரில் ஒரு பாடசாலைக்கு அதிபராக வரும்படி கடிதம் வந்திருந்தது. மலைக்கு யாத்திரை போகும் சீசனில் அந்தப் பக்கம் பஸ்ஸுக்குக் குறைவில்லை. சீசன் முடிந்தால் அங்கே பஸ்ஸைப் பார்ப்பதும் வெயிலைப் பார்ப்பதும் ஒன்று. ஆகையால் டீச்சர் திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே குவார்ட்டர்ஸில் தங்க வேண்டும். அப்படியானால் திங்கள் முதல் வெள்ளி வரை சிறிலுக்குச் சோறு?

சமையலறை சிறிலுக்கு வெளிநாடு. விசா எடுத்ததே இல்லை. ஆனால் ‘எனக்கு யார் சமைப்பது’ என்று ஒரு பெண்ணின் பதவி உயர்வுக்குக் குறுக்கே நிற்க முடியுமா? ஊர் சிரிக்கும். எனவே அவர் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார்.

“டோரீன், யோசிச்சுப் பாத்தேன். நல்லதண்ணி ரொம்பக் குளிருமே.”

“நோட்டன்ல மட்டும் வேர்த்து ஊத்துதாக்கும்?”

“அட்டக்கடி வேற.”

“அட்டையோட இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியாச்சுங்க. பழகிருச்சு.”

சிறில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “தனியா இருக்கணும். நீ பயந்துருவ.”

“நானா? கரப்பான் பூச்சியக் கண்டு கதிரையில ஏறி நிக்கிறது யாருங்க?”

“பூச்சி வேற, தைரியம் வேற! முப்பது வருஷமா அணைக்கட்டுக் கதவத் தெறந்து மூடுறவன் நான். எவ்வளவு தண்ணிய மிரட்டி அனுப்பியிருப்பேன்! நடுக்கடல்ல கொண்டுபோய் நிறுத்தினாத் தெரியும், யாருக்குத் தைரியம்னு.”

டோரீன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “போவமா?”

சிறில் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் வாய் வந்தால் வழி வரும் என்று நம்புகிற ஆள் அவர். வழி வந்தே விட்டது.

“பந்தயம்! போட்டுல ஏறிக் கடலுக்குப் போறோம். யாரு மொதல்ல ‘போட்டத் திருப்பு’ன்னு சொல்றாங்களோ அவங்க தோத்தாங்க. நீ தோத்தா நல்லதண்ணிய மறந்துரணும்.”

“நீங்க தோத்தா?”

“நானாவது தோக்குறதாவது!”

“ஒரு பேச்சுக்கு.”

“நீ பாட்டுக்குப் போ. நான் வாயத் தெறக்க மாட்டேன்.”

“சாப்பிடக்கூடவா?” என்று கேட்டுவிட்டு டோரீன் பாத்திரம் கழுவப் போனார்.

அன்று மத்தியானமே அணைக்கட்டில் இருந்தபடி சிறில் நிலாவெளிக்குப் போன் எடுத்தார். அங்கே நிரோஷன் இருந்தான். பூண்டுலோயாவில் பிறந்து, நிலாவெளியில் பெண் கட்டி, கடலோடு இருந்துவிட்டவன். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். டொல்பின் பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போவது அவன் தொழில். ஒரு கலியாண வீட்டில் சிறிலுக்குப் பழக்கமானவன்.

“நிரோஷன், நடுக்கடல்ல எஞ்சின நிப்பாட்டிரணும். ‘ஐயோ, எஞ்சின் போச்சே’ன்னு தலையில கை வைக்கணும். அவ்வளவுதான். மிச்சத்த அவளே கத்திக்குவா.”

“அக்கா பாவம்ணே.”

“பாவம் நான்தான்பா!”

ஓகஸ்ட் விடுமுறை வந்தது. இருவரும் ஹட்டனில் பஸ் ஏறி, கண்டியில் மாறி, திருகோணமலையில் இறங்கி, நிலாவெளியில் ஓர் அறை எடுத்துத் தங்கினார்கள். மறுநாள் விடிகிற வேளையில் கடற்கரையில் நிரோஷனின் படகு தயாராக இருந்தது. கடல் காய்ச்சி ஆற வைத்த பால் போலக் கிடந்தது. சிறில் மட்டும் படகில் ஏறுவதற்குள் இரண்டு தடவை அறைக்கு ஓடிப்போய் வந்தார். திரும்பி வந்தபோது டோரீன் சேலையை இழுத்துச் செருகி, செம்மஞ்சள் நிற மிதவை அங்கியை மாட்டிக்கொண்டு, முன்பலகையில் உட்கார்ந்திருந்தார்.

சிறிலும் ஓர் அங்கியை மாட்டிக்கொண்டு ஏறியதும் படகு புறப்பட்டது. கரை சுருங்கியது. தென்னைகள் தீக்குச்சிகளாயின. கொஞ்ச தூரத்தில் டொல்பின்கள் கூட்டமாகத் துள்ளின. டோரீன் கை தட்டினார். ஐம்பது வயது மறந்து எழும்பி நின்றார்.

“ஏங்க, பாத்தீங்களா! எத்தன! ஏங்க, அந்தப் பக்கம்!”

ஏங்க பார்க்கவில்லை. ஏங்க கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் பலகையைப் பிடித்திருந்தார். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் தன் வாயாலேயே ‘திருப்பு’ என்று வந்துவிடும் என்று பயந்து, நிரோஷனோடு பேசி வைத்தபடி இருமினார்.

எஞ்சின் நின்றது.

“ஐயோ. எஞ்சின். போச்சே.” நிரோஷன் மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதைப் போலச் சொல்லித் தலையில் கை வைத்தான்.

சிறில் ஒரு கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார்.

“அப்படியா? நல்லதாப் போச்சு,” என்றார் டோரீன். “சத்தமில்லாம அமைதியா இருக்கு.” பையைத் திறந்து ரொட்டிப் பார்சலை எடுத்தார்.

பத்து நிமிடம் போனது. இருபது நிமிடம் போனது. படகு தொட்டில் போல ஆடியது. டோரீன் இரண்டாவது ரொட்டியில் இருந்தார்.

“இந்தப் பக்கம் சுறா இருக்குமாம்,” என்றார் சிறில்.

“வரட்டுமே. சம்பல்தான் பத்தாது.”

அரை மணி நேரமாகிவிட்டது. எஞ்சின் இல்லாத படகை நீரோட்டம் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனதை மூவரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

முந்நூறு யார் தூரம் தள்ளி ஒரு கறுப்புக் குழாய் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பியது. அதன் கீழே கடல் புடைத்தது. புடைத்த கடல் வழிந்தோட, உள்ளிருந்து ஒரு கறுப்புச் சுவர் ஏறிக்கொண்டே வந்தது. தேயிலை ஃபெக்டரி ஒன்று படுத்தபடியே எழும்பியதைப் போல இருந்தது.

“திமிங்கிலம்!” என்றார் சிறில்.

“திமிங்கிலத்துக்கு ஏணி ஏதுங்க?” என்றார் டோரீன்.

உண்மைதான். சுவரில் ஏணி இருந்தது. உச்சியில் ஒரு மூடி திறந்து தொப்பி போட்ட இரண்டு பேர் வெளியே தலை நீட்டினார்கள்.

நீர்மூழ்கி மேலே வந்தது, சிறில் மூழ்கினார். பலகைக்கு அடியில், மீன் வாடை வீசும் படகின் வயிற்றில், குப்புற.

“நிரோஷன்! நடிச்சது போதும்! எஞ்சின எடு!”

நிரோஷன் கயிற்றை இழுத்தான். மறுபடி இழுத்தான். எஞ்சின் ஒரு தடவை செருமிவிட்டுச் சும்மா இருந்தது.

“அண்ணே, இது நடிப்பு இல்லண்ணே! நெசமாவே எடுக்குது இல்ல!” பிறகு முன்பக்கம் திரும்பி அழாக் குறையாகச் சொன்னான்: “டீச்சர், இது நாங்க பேசினதுலயே இல்ல டீச்சர்!”

பலகைக்கு அடியில் சிறிலின் காது நிமிர்ந்தது. டீச்சரா? ஆனால் அதை ஆராய நேரமில்லை. நீர்மூழ்கி கிளப்பிய அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது.

“போட்டத் திருப்பு! ஐயோ மாதாவே, போட்டத் திருப்பு!” உறுதிக்காகச் சிங்களத்திலும் ஒரு தடவை சொன்னார்.

டோரீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஏழு இருபது. கேட்டுச்சா நிரோஷன்?”

“கேட்டுச்சு டீச்சர்.”

கடற்படையின் வேகப்படகு ஒன்று சீறிக்கொண்டு வந்தது. ஒலிபெருக்கியில் சிங்களத்தில் ஒரே சத்தம். டோரீன் எழும்பி நின்று, அசெம்பிளியில் பேசுகிற குரலில், எஞ்சின் எடுக்கவில்லை என்று பதில் சொன்னார்.

“மாத்தயா, எஞ்சிம ஸ்டார்ட் வென்னே நே!”

அதிகாரி இளம் வயதுக்காரர், நல்ல மாதிரி. சத்தத்தைக் குறைத்துக்கொண்டு விளக்கினார். நல்லெண்ண விஜயமாகத் துறைமுகத்துக்கு வருகிற வெளிநாட்டுக் கப்பலாம் அது. படகின் எஞ்சின் ஓடியிருந்தால் உள்ளே இருக்கிறவர்களுக்குச் சத்தம் கேட்டிருக்கும். தள்ளிப் போய் எழும்பியிருப்பார்கள். சத்தமில்லாமல் மிதந்து வந்து கப்பல் பாதையில் நின்றால் யாருக்குத் தெரியும்? பேசிக்கொண்டே கயிற்றை எறிந்தவர், பலகைக்கு அடியில் செம்மஞ்சளாக ஏதோ நடுங்குவதைக் கண்டு அது என்ன என்று கேட்டார்.

“மகே மஹத்தயா,” என்றார் டோரீன். “டிக்கக் பய வெலா.”

‘என் வீட்டுக்காரர், கொஞ்சம் பயந்துபோயிட்டார்’ என்று மனைவி அறிமுகம் செய்துவைத்தது சிறிலுக்கு நன்றாகவே விளங்கியது. சிப்பாய்கள் சிரித்ததும் விளங்கியது. அதற்கு மொழி தேவையில்லை.

கயிறு கட்டிய படகு கரைப்பக்கம் நகர்ந்தது. நீர்மூழ்கியின் உச்சியில் நின்றவர்களில் ஒருவர் கையசைத்தார். முதலாம் வகுப்புப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதைப் போல டோரீனும் கையசைத்தார். அந்தப் பெரிய கறுப்பு உருவம் காலை வெயிலில் மினுங்கியபடி சின்னதாகி மறையும் வரை அவர் திரும்பவில்லை.

மறுநாள் பஸ் கண்டியில் இருந்து மலையேறியது. வழியில் கினிகத்தேனைக் காற்று முகத்தில் அடித்ததும் சிறிலுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

“அந்த நிரோஷன் ஒன்ன ஏன் டீச்சர்ங்கிறான்?”

“எனக்கு மொதல் நியமனம் பூண்டுலோயாவுல. ரெண்டாம் வகுப்புல அவன் என்கிட்டத்தான் படிச்சான். நீங்க ரெண்டாவது தடவ அறைக்கு ஓடின நேரம், ‘டீச்சர், நான் ஒரு பொய் சொல்லணும்’னு வந்து நின்னான். வடிவாச் சொல்லுன்னேன்.”

சிறிலின் முகம் மலர்ந்தது. “அப்ப நீ முன்கூட்டியே தெரிஞ்சு வெளையாடியிருக்க! இது கள்ள ஆட்டம்! பந்தயம் ரத்து!”

“சரிங்க. ரத்து.”

இவ்வளவு சுலபமாகவா? சிறில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ரத்துன்னா, நல்லதண்ணிக்குப் போக மாட்ட?”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கடிதம் வந்த அன்னைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேனே.”

“அன்னைக்கேவா? அப்ப எதுக்கு இந்தப் பந்தயம்? எதுக்கு நிலாவெளி?”

டோரீன் ஜன்னல் பக்கம் திரும்பி, காற்றில் பறந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

“கல்யாணம் கட்டின நாள்ல இருந்து கேக்குறேன், ஒரு தடவ கடலுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு. சும்மா கேட்டா நீங்க போயிருப்பீங்களா?”

பஸ் வளைவுகளில் முனகிக்கொண்டு ஏறியது. தேயிலை மலைகளின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. சிறில் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

“டோரீன்... பருப்புக்கு உப்பு மொதல்லயே போடுறதா, வெந்தப்புறமா?”