மூன்று வரிக் கடிதம்

வரித்துறையின் கடிதப் பிரிவில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பணியாற்றி, பெறுபவருக்குப் புரிகிற மாதிரி ஒரு கடிதம்கூட எழுதாமல், நல்ல பெயரோடு ஓய்வு பெற்றவர் அவர். தெருவில் அவரை 'கருதப்படும் சார்' என்பார்கள். எந்தக் கடிதத்தையும் அந்தச் சொல்லில்தான் முடிப்பார் என்பதால் வந்த பெயர். அதைக் கேலி என்று அவர் எடுத்துக்கொண்டதில்லை. பட்டம் என்றே நினைத்திருந்தார்.

ஓய்வு பெற்று ஒன்பது வருடமான பிறகும், தெருவில் யாருக்கு வரி நோட்டீஸ் வந்தாலும் அது மாடி ஏறி அவரிடம்தான் வரும். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி ரசித்துப் படிப்பார்.

அந்தத் திங்கட்கிழமை தையல்காரர் ஏறி வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கையில் நோட்டீஸ்.

"சார், ஒன்பது வருஷமா என் கடைக்கு வரியைக் குறைச்சுப் போட்டுட்டாங்களாம். இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களாம். மொத்தத்தையும் வட்டியோட கட்டச் சொல்றாங்க. அபராதம் வேற."

"பழைய அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்காங்க. மனுஷத் தவறு."

"அவங்க தப்புக்கு எனக்கு எதுக்கு அபராதம்?"

"தவறைத் தெரியப்படுத்தாததுக்கு."

"எனக்கே தெரியாதே சார்."

"தெரியாதுதான். ஆனா தெரிஞ்சிருந்ததாகக் கருதப்படும்."

"யாரு கருதறது?"

"அது கடிதத்துல வராது. வரக்கூடாது. அதான் அழகு."

தையல்காரர் அந்த அழகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப நான் கட்டணுமா?"

"கட்டினா நல்லது. நடை எவ்வளவு கம்பீரமா இருக்கு பாருங்க. இந்த மூணாவது பத்தி நான் எழுதினது."

தையல்காரர் படி இறங்கிப் போனார். உள்ளே முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, "அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். அவர் பத்தியைத்தான் பார்த்திருந்தார்.

புதன்கிழமை அவருக்கே ஒன்று வந்தது.

ஒன்பது வருட ஓய்வூதியத்துக்கும் அதே பழைய அட்டவணைப்படிதான் வரி பிடித்திருந்தார்கள். வட்டியும் அபராதமும் சேர்த்துக் கேட்டிருந்த தொகை ஏறக்குறைய பதினான்கு மாத ஓய்வூதியம். மனைவியின் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக வங்கியில் போட்டு வைத்திருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். இத்தனைக்கும் அரசாங்கம் அவருடைய பாஸ்புத்தகத்தை எட்டிப் பார்த்திருக்கவில்லை. தற்செயல்தான்.

அவர் உரக்கப் படித்தார். "இப்பிழை தங்களால் நேர்ந்ததன்று என்பதை இத்துறை வருத்தத்துடன் குறித்துக்கொள்கிறது. எனினும், பிழையின் பயனைத் துய்த்தவர் தாங்களே ஆதலால், பிழைக்குத் தாங்களும் உடன்பட்டதாகக் கருதப்படும்."

"இதுவும் நீங்க எழுதினதா?"

"ஆமா. இதுக்குத்தான் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தாங்க."

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள் மனைவி. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள். திருமணமாகி நாற்பத்தொரு வருடத்தில் அவருடைய கடிதத்தை அவள் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை மாலை தையல் கடையில் கூட்டம். நோட்டீஸ் வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். வெட்டுமேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றுகொண்டு அரசாங்கத்தை வாயில் வந்தபடி திட்டினார்கள். திட்டி முடித்ததும் ஒரு மனு எழுதுவது என்று முடிவாயிற்று. எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான்.

அவர் இரண்டு நாள் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினார். தையல்காரர் அதை இரண்டு தடவை படித்தார்.

"சார், இதுல பணம் கட்டறோம்னு சொல்றோமா, மாட்டோம்னு சொல்றோமா?"

"ரெண்டுக்கும் இடம் வச்சிருக்கேன்."

"கடைசியில அவங்களுக்கு நன்றி சொல்லியிருக்கீங்களே."

அவர் வாங்கிப் பார்த்தார். சொல்லித்தான் இருந்தார். அதோடு, காலதாமதத்துக்கு இருபத்து மூன்று பேர் சார்பிலும் வருத்தம் தெரிவித்திருந்தார். திருத்தி எழுதப் பார்த்தார். திருத்தியதில் அபராதம் இன்னும் கொஞ்சம் நியாயமாகத் தெரிந்தது. முப்பத்துநான்கு வருடம் ஒரே பக்கம் சாய்ந்த கை, மறுபக்கம் திரும்ப மாட்டேன் என்றது.

"பேனாவை எடுங்க" என்றாள் மனைவி. "நான் சொல்றதை எழுதுங்க. தப்பு உங்களோடது. நீங்க கேட்டதை அன்னைக்கே கட்டிட்டோம், ரசீது இருக்கு. இனிமே கேக்காதீங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"மூணே வரி. பொருள்னு ஒரு வரி இல்ல, பார்வை எண் இல்ல. கடிதமா இது?"

"எழுதுங்க."

எழுதினார். கூச்சமாக இருந்தது, உள்பனியனோடு தெருவில் இறங்கியது போல. இருபத்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வரி அலுவலகம் இரண்டாவது மாடியில். உதவி ஆணையராக இருந்தவள் ஒரு காலத்தில் அவரிடம் வேலை பழகியவள். எழுந்து நின்று, நாற்காலி போட்டு, "சொல்லுங்க சார்" என்றாள். மனுவைப் படித்தாள். ஒரு தடவையில் புரிந்துவிட்டது. அதனால் சந்தேகம் வந்து இன்னொரு தடவை படித்தாள்.

"சார், இதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல."

"இருக்குமே. பணிவான மனுவுக்கு ஒரு மாதிரிப் பதில், கோபமான மனுவுக்கு ஒண்ணு. இறந்து போனவங்க பேர்ல வர்ற மனுவுக்குக்கூட நான் எழுதி வச்சிட்டுத்தானே போனேன்."

"எல்லாம் இருக்கு. தெளிவான மனுவுக்கு மட்டும் இல்ல. இதுவரைக்கும் வந்ததில்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "முப்பது நாளைக்குள்ள பதில் போகலேன்னா எங்க மேல விசாரணை வரும். நீங்களே ஒரு பதில் எழுதிக் கொடுத்துடுங்களேன். உங்களை விட்டா யார் இருக்கா?"

அந்தக் கடைசி வார்த்தையில் அவர் விழுந்தார். தன் மனுவைத் தானே நிராகரிக்கக் கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஒன்பது வருடமாக அவரை ஒருவரும் எதற்கும் கூப்பிட்டதில்லை.

ஜன்னலோரம் மேஜை போட்டுக் கொடுத்தார்கள். நான்கு நாள் எழுதினார். 'மனுதாரரின் ரசீது, ரசீதாகக் கருதப்படுவதற்கில்லை' என்று தொடங்கினார். தொடங்கியதும், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த மனைவி கண்ணுக்கு முன்னால் வந்தாள். கிழித்துப் போட்டார். ரசீது இருக்கிறது என்கிற இரண்டு சொல்லைச் சுற்றிக்கொண்டு போக அவருக்குத் தெரிந்த எந்த வாக்கியத்துக்கும் வழி தெரியவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் மளமளவென்று எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

'தவறு எங்களுடையது. நீங்கள் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. சிரமத்துக்கு மன்னிக்கவும்.'

உதவி ஆணையர் அவர் எழுதியது என்பதால் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். அடுத்தவர், அவள் போட்டிருக்கிறாள் என்பதால் போட்டார். இப்படியே ஆறு கையெழுத்து ஆயிற்று. கடிதம் தெருவுக்கு மட்டும் போகவில்லை. அதே தவறு நடந்திருந்த நான்காயிரம் பேருக்கும் போயிற்று.

அவர் வாழ்த்தை எதிர்பார்த்து வாசலில் நின்றார். தையல்காரர் வெளிறிப்போய் வந்தார்.

"சார், இது மோசடி சார். எவனோ நம்மளை ஏமாத்தப் பார்க்கறான். அரசாங்கம் மன்னிப்புக் கேக்குமா? அதுவும் இப்படிப் புரியற மாதிரி?"

"நான்தாங்க எழுதினேன்."

"உங்க எழுத்து எங்களுக்குத் தெரியாதா சார்? இதுல ஒரு 'கருதப்படும்' இருக்கா, காட்டுங்க பார்ப்போம்."

காட்ட முடியவில்லை. தையல்காரர் தையல் மெஷின் ஒன்றை விற்றுவிட்டு அன்று மத்தியானமே வரி அலுவலக வரிசையில் போய் நின்றார். மறுநாள் வரிசை படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டது. கட்ட வேண்டாம் என்றே சொல்கிறார்களென்றால் உள்ளே ஏதோ பெரிதாக வைத்திருக்கிறார்கள், முந்திக் கட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று படித்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் அவருக்கும் தூக்கம் போயிற்று. எழுதியது தான்தான், உண்மை. ஆனால் கையெழுத்துப் போட்டது ஆறு பேர். நாலாயிரம் பேருக்குப் படுகிற சந்தேகம் தனக்கு மட்டும் படாமல் இருந்தால் கோளாறு தன்னிடம்தானே? வங்கியில் பணத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மனைவியிடம் காய் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றார்.

பகல் பன்னிரண்டரைக்கு, இரண்டாவது மாடியில், அவருக்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருக்கும்போது, படியில் யாரோ ஒவ்வொரு காலாக வைத்து ஏறிவரும் சத்தம் கேட்டது. மனைவி. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"காய் இங்கதான் விக்கறாங்களா?"

அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நான் கேட்டேன், நீங்க பதில் எழுதினீங்க. மூணு வரி. அதுல எது உங்களுக்குப் புரியல?"

"புரியுது. அதான் பயமா இருக்கு."

"அக்கா, நீங்க வயசானவங்க, முன்னாடி வந்து கட்டிடுங்க" என்று வரிசையில் ஒருவர் இடம் விட்டார். அவள் அந்தப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். இறங்குவதற்கு இருபது நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் வரிசையில் நின்றவர்கள், பணம் கட்டாமல் போகிற அந்தத் தம்பதியைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால் அறுவை சிகிச்சை அடுத்த மாதம் நடந்தது.

வருடக் கடைசியில் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. மிரட்டிக் கேட்ட நோட்டீஸுக்கு நூற்றுக்குப் பதினொரு பேர் பணம் கட்டியிருந்தார்கள். கட்ட வேண்டாம் என்ற கடிதத்துக்கு ஒருவர் தவிர அத்தனை பேரும் கட்டிவிட்டார்கள். எல்லாம் விருப்பத்துடன் செலுத்தியதால் திருப்பித் தர வழியில்லை. இனிமேல் நிலுவை வசூலுக்கு இந்தக் கடிதத்தையே பயன்படுத்துவது என்று தீர்மானமாயிற்று. எழுதியவருக்கு இன்னொரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது.

வசூலாகாத அந்த ஒன்றுக்கு, அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உதவி ஆணையர் காரணம் எழுதியிருந்தாள்: 'இவ்வீட்டில் கடிதத்தைப் படித்த ஒருவர் இருக்கிறார்.'