கல்லீரல் இல்லாதவருக்கு ஒரு கால் குளியல்

குளிர் விட்டால் மரம் துளிர்க்கும். ஊரை ஏய்க்கிறவர்களும் கடை விரிப்பார்கள். இந்த வசந்தத்தில் வந்திறங்கியவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பட்டம் 'நஞ்சுநீக்கி'. வாடகை அரங்கின் வாசலில் கூட்டம் தெருமுனையைத் தாண்டியது. பூங்காவில் நடக்க வேண்டியவர்களெல்லாம், உட்கார்ந்தபடியே ஆரோக்கியம் வாங்க வரிசையில் நின்றார்கள்.

வித்தை இதுதான். உப்புப் போட்ட வெந்நீர்த் தொட்டியில் காலை வைக்க வேண்டும். உள்ளே ஒரு மின்கருவி உறுமும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் செம்பழுப்பாகும். குளிர்காலமெல்லாம் உடம்பில் தேங்கிய நஞ்சு பாதம் வழியே இறங்குகிறதாம்! தலை முதல் தொட்டி விளிம்பு வரை வெள்ளைப் போர்வை. மூச்! பேசினால் நஞ்சு திரும்ப மேலே ஏறிவிடும். கேள்வி கேட்காமல் இருக்க எவ்வளவு அருமையான ஏற்பாடு!

துணிக்கடைக்காரம்மாவின் கணவர் முதல் குளியலிலேயே இந்த வித்தையில் மயங்கிவிட்டார். சர்க்கரை மாத்திரைகள் குப்பைக்குப் போயின. கால் புண் ஆறவில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றியது.

"ஏங்க, மாத்திரையை மட்டும் விடாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

"அதுதாண்டி நஞ்சே! தண்ணி போன நிறத்தை நானே கண்ணால பார்த்தேன்."

அந்த அம்மா அழுதும் பார்த்தார், சண்டையும் போட்டார். மனிதர் அசையவில்லை.

அடுத்த குளியலுக்குக் கணவர் போர்வைக்குள் போனதும், அந்த அம்மா சக்கர நாற்காலியில் ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கு ஏற்கெனவே தலையோடு போர்த்தியிருந்தது. "நடக்க முடியாதவருங்க" என்று சொல்லி, கால்களைத் தானே தொட்டியில் வைத்தார். தண்ணீர் செம்பழுப்பானது. நஞ்சுநீக்கி குனிந்து பார்த்து, உச்சுக்கொட்டினார்.

"கல்லீரல் பூரா விஷம்! எல்லாம் மாத்திரை பண்ற வேலை."

"மாத்திரையே போட மாட்டாருங்க."

"அப்போ சாப்பாடு."

"சாப்பாடும் கிடையாதுங்க."

"அப்போ... பரம்பரை!"

"பரம்பரையே பிளாஸ்டிக்தாங்க" என்று போர்வையை உருவினார். கடை வாசலில் சட்டை மாட்டி உட்கார்த்தி வைக்கும் பொம்மை!

நஞ்சுநீக்கி சளைத்தவரா? "பிளாஸ்டிக்கே நஞ்சுதானே!" என்றார்.

"அதுவும் சரிதானே" என்றது ஒரு போர்வை. அடடா, என்ன ஞானம்!

அந்த அம்மா பொம்மையைத் தூக்கினார். புதுத் தண்ணீர் ஊற்றி, புது உப்புப் போட்டு, யார் காலும் இல்லாமல் கருவியைப் போட்டார். அரங்கமே எட்டிப் பார்த்தது. வெறும் தண்ணீர் செம்பழுப்பானது.

"இது யாரு கல்லீரல்? கருவியில இருக்கிற இரும்புத் தகடு உப்புத் தண்ணில கரண்ட் பட்டுத் துருப்பிடிக்குது, அவ்வளவுதான்!"

போர்வைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நஞ்சுநீக்கி பின்வாசலைத் தேடி ஓடினார். கணவர் ஈரக் காலோடு வந்து, மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் கையை நீட்டினார்.

"மாத்திரை வச்சிருக்கியா?"

வைத்திருந்தார். கணவர் அங்கேயே விழுங்கினார்.

வசந்தத்தில் நடங்கள், ஓடுங்கள், நல்லதாகச் சாப்பிடுங்கள். யாராவது வாயை மூடு என்றால் மட்டும், உடனே வாயைத் திறந்து 'ஏன்?' என்று கேளுங்கள். அதனால் செத்தவர் யாரும் இல்லை. கேட்காமல் செத்தவர்கள்தான் ஏராளம்.