மூன்று புள்ளிக் கொண்டை

"இண்டையில இருந்து இந்த வீட்டில ஆர் வேலை செய்யிறதெண்டு சண்டை வராது," என்று இந்திரகுமார் அறிவித்தார். நோபல் பார்க் வீட்டுக் குசினிக்குள் நின்று, தொண்டையைச் செருமி, மேடையில் நிற்கிற மாதிரி அறிவித்தார். அவருடைய மனைவி சுஜீவா பிறிஜ்ஜுக்குள் தலையை விட்டு முருங்கைக்காய் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏன், நீங்கள் செய்யப்போறியளோ?"

"இல்லை. ஆர் செய்யிறதெண்டு இது சொல்லும்."

அவர் மேசையில் வைத்தது ஒரு ஐஸ்கிறீம் பெட்டி. அதன் முகப்பை வெட்டி, விரலளவு உயரத்தில் ஒரு நீட்டுத் திரை பொருத்தியிருந்தது. பக்கத்தில் ஒரு சிவப்பு பட்டன். உள்ளே ஒரு மைக்ரோகொன்ரோலர், அதாவது நகத்தளவில் ஒரு குட்டிக் கணினி. இந்திரகுமார் டண்டினோங்கில் சாப்பாட்டுச் சாமான் பொதி செய்கிற தொழிற்சாலையில் மெசின் திருத்துகிறவர். கழித்துவிட்ட மெசினில் இருந்து இப்படித் திரைகளைக் கழற்றி வந்து கராஜுக்குள் சேர்த்து வைப்பார். எதற்கு என்று கேட்டால் தேவைப்படும் என்பார். இருபத்தேழு வருசத்தில் முதல் தடவையாகத் தேவைப்பட்டிருந்தது.

தேவை என்னவென்றால் சனிக்கிழமை. கிழமை முழுக்க இவருக்குத் தொழிற்சாலை, சுஜீவாவுக்கு முதியோர் இல்லத்தில் நேர்ஸ் வேலை. ஆகவே வீட்டு வேலை ஆறும் சேர்ந்து சனிக்கிழமைதான் தலையில் விழும். அதே சனிக்கிழமைதான் கூட வேலை செய்கிற பாலா மோர்னிங்டன் கடலோர ஜெற்றிக்குக் கணவாய் பிடிக்கப் போவார். தமிழ்நாட்டுக்காரர். டார்னெய்ட்டில் இருந்து ஒரு மணித்தியாலம் கார் ஓடி வந்து, இவருடைய வாசலில் நின்று ஹோர்ன் அடிப்பார். இவர் கையில் வாக்கியூமோடு யன்னலால் எட்டிப் பார்ப்பார். மனிசனுக்கு வயிறு எரியாதோ, சொல்லுங்கள் பார்ப்பம். அந்த ஒரு நாளைத் தன்னுடையதாக்க வேண்டும் என்பதுதான் இந்திரகுமாரின் வாழ்க்கை இலட்சியம். வேறு பெரிய இலட்சியம் ஒன்றும் அவரிடம் இல்லை.

"இஞ்ச பாரும்," என்று சிவப்பு பட்டனை அமத்தினார். திரை நீலமாக வெளித்தது. மேல் வரியில் ஆறு குட்டிப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குட்டி முகம்.

"மேல உள்ளது வேலை. கீழ உள்ளது ஆள். சனிக்கிழமை விடிய அமத்தினால் குலுக்கல் மாதிரி வந்து விழும். அவரவர் வேலையை அவரவர் செய்யிறது."

சுஜீவா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். "இது புல்லு வெட்டுறது. இது குப்பை வாளி. உடுப்புத் தோய்க்கிறது, வீடு கூட்டுறது, விளங்குது. இது ரெண்டும் என்ன?"

"ஒண்டு சமையல் பானை. மற்றது ரொயிலற்."

"எது எதெண்டு?"

இந்திரகுமார் கொஞ்சம் யோசித்தார். "இடப்பக்கம் பானை," என்றார், அவ்வளவு நிச்சயம் இல்லாமல்.

"தூசி துடைக்கிறது எங்க?"

"அதுக்கு இடமில்லை. இந்தத் திரைக்கு இங்கிலிஷ் எழுத்தெல்லாம் முதலே தெரியும். படம் தெரியாது, நாங்கள்தான் பழக்க வேணும். ஒரு படம் அகலத்தில அஞ்சு புள்ளி, உயரத்தில எட்டுப் புள்ளி. அப்பிடி எட்டுப் படம் மட்டும்தான் அதின்ர மண்டைக்குள்ள நிக்கும். ஆறு வேலை, ரெண்டு முகம், எட்டும் நிரம்பிற்று."

"அப்ப தூசி?"

"திரையில இல்லாத வேலையை ஆரும் செய்யலாம்," என்றார் இந்திரகுமார் பெருந்தன்மையாக. அந்த வீட்டில் ஆரும் என்றால் ஆரென்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சுஜீவா முகங்களுக்கு வந்தாள். "இதார்?"

"நான்."

"தலையில மயிரைக் காணேல்லை."

"உள்ளதைத்தான் கீறினனான்."

"அப்ப இது நானோ? ரெண்டும் ஒரே மூஞ்சி. மேல மூண்டு புள்ளி கூடக் கிடக்கு."

"அது உம்மட கொண்டை."

"இருபத்தேழு வருசம் என்னோட இருந்து நீங்கள் கண்டது மூண்டு புள்ளி," என்றாள் சுஜீவா. கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

இந்த இடத்தில் இந்திரகுமார் வாயை மூடியிருக்கலாம். ஆனால் அவரிடம் ஒரு குறை உண்டு. தான் செய்த சாமானைப் பற்றி யாராவது அரைக் கேள்வி கேட்டால் முழுப் பாடமும் எடுத்துவிட்டுத்தான் ஓய்வார். "இதில ஒரு புதினம் இருக்கு, கேளும். ஒரு முகத்தை ஒருக்காத்தான் கீறி வைக்கிறது. அது திரையில ஆறு இடத்தில நிண்டாலும் ஒரே கீறல்தான். அதில ஒரு புள்ளியை மாத்தினால் ஆறு இடத்திலயும் ஒரேயடியா மாறும்."

"ஓ," என்றாள் சுஜீவா. முருங்கைக்காயைச் சிங்குக்குள் போட்டுத் தண்ணீரைத் திறந்தாள். அவள் கேட்கவேயில்லை என்று இந்திரகுமார் நினைத்தார்.

முதல் சனிக்கிழமை ஆளுக்கு மூன்று வேலை வந்தது. நியாயமான குலுக்கல். இவருக்குக் குப்பை வாளி, புல்லு, ரொயிலற். பாலா வாசலில் ஹோர்ன் அடித்துவிட்டுத் தனியே போனார். பதினொரு மணிக்கு வாளிக்குள் நாலு கணவாய் கிடக்கிற படம் அனுப்பினார். "சார், நீங்க வந்திருந்தா எட்டு" என்று கீழே எழுதியிருந்தார். ரொயிலற் பிறஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தை இந்திரகுமார் கனநேரம் பார்த்தார். நியாயம் தனக்குச் சரிவராது என்ற முடிவுக்கு அப்போதுதான் வந்தார்.

அன்று பின்னேரமே கராஜுக்குள் போய்ப் பெட்டியின் அடியில் இன்னொரு பட்டன் வைத்தார். கடுகளவு, கறுப்பு. பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலொழியத் தெரியாது. சிவப்பைப் பெருவிரலால் அமத்தும்போது கறுப்பை நடுவிரலால் அமத்தினால், கொண்டை முகத்தின் படம் போய் மொட்டை முகத்தின் இடத்திலும் குந்திக்கொள்ளும். பிறகு குலுக்கல் எப்படி விழுந்தால் என்ன, ஆறிலும் கொண்டைதான்.

அத்தோடு நின்றிருந்தால் அவர் சாதாரணக் கள்ளன். ஆனால் ஆறும் கொண்டையாக வந்தால் சுஜீவா விடுவாளோ என்று பயம் வந்தது. அதற்கும் ஒரு வழி கண்டார். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, மனைவியையும் பெட்டியையும் காரில் ஏற்றி, த பேசின் என்கிற ஊரில் உள்ள பிள்ளையார் கோயிலுக்கு ஓடினார். புதுச் சாமான் என்றால் பிள்ளையாருக்குக் காட்டாமல் பாவிக்கிறதோ? ஐயர் எத்தனையோ காருக்குச் சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை செய்தவர். ஐஸ்கிறீம் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எலுமிச்சம்பழத்தை எதற்குக் கீழே வைக்கிறது என்று கேட்டார். சில்லு இல்லை, ஐயா, சந்தனம் மட்டும் போதும் என்றார் இந்திரகுமார்.

பிறகு கற்பூரத் தட்டுக்கு முன்னால் நின்று, மனைவிக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். "பிள்ளையாரே, சனிக்கிழமையில ஒருக்காத்தான் அமத்துறது. வந்தது வந்ததுதான். ரெண்டாந்தரம் கேக்கிறதில்லை. இது சத்தியம்." சுஜீவாவும் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். இனி அவளைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று இந்திரகுமாருக்கு மனம் குளிர்ந்தது.

இரண்டாம் சனிக்கிழமை விடிய பெருவிரலும் நடுவிரலும் ஒன்றாக வேலை செய்தன. திரை வெளித்தது. ஆறு கொண்டை.

"என்னப்பா இது?" என்றாள் சுஜீவா. "ஆறும் எனக்கோ?"

"குலுக்கல் எண்டால் அப்பிடித்தான். சில நேரம் வரும்."

"இன்னொருக்கா அமத்திப் பாப்பமோ?"

"சத்தியம் பண்ணியிருக்கு, சுஜீவா," என்றார் இந்திரகுமார். குரலில் உண்மையான துக்கம் இருந்தது. அதை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

சுஜீவா திரையைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள், வாக்கியூமை எடுக்கப் போனாள். இந்திரகுமார் மோர்னிங்டன் ஜெற்றியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பாலாவோடு சேர்ந்து எட்டுக் கணவாய் பிடித்தார். கடல் காற்று மொட்டைத் தலையில் பட்டபோது பிறந்த பயனை அடைந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரே ஒரு தரம் மட்டும், சுஜீவா இப்போது எந்த அறை கூட்டுகிறாளோ என்று நினைப்பு வந்தது. அந்த நேரம் பார்த்துத் தூண்டிலை ஒரு கணவாய் இழுத்தது. நினைப்பு போய்விட்டது.

புதன்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுஜீவா, "இஞ்சேருங்கோ," என்றாள். "அந்தப் பெட்டியில என்ர முகம் எனக்குப் பிடிக்கேல்லை. நானே ஒண்டு கீறட்டோ?"

ஆறு வேலையை முணுமுணுக்காமல் செய்த மனிசி ஒரு முகம் கேட்கிறாள். கொடுக்காமல் இருக்க அவர் என்ன கல்லோ? லப்டொப்பைக் கொண்டுவந்து, வயரைப் பெட்டியில் கொழுவி, கட்டம் போட்ட பக்கத்தைத் திறந்து காட்டினார். "இது உம்மட படம். கட்டத்தில தட்டினால் புள்ளி வரும். திரும்பத் தட்டினால் போகும். முடிஞ்சால் இதை அமத்தும், பெட்டிக்குள்ள போயிடும்."

இரண்டு நிமிசத்தில் படித்துக்கொண்டாள். அவர் பக்கத்தில் இருந்து தூண்டில் முள்ளுத் துடைத்தார். தட்டுகிற சத்தம் மூன்றே மூன்று தரம் கேட்டது.

"அதுக்குள்ள முடிஞ்சுதோ? பாப்பம்."

சுஜீவா லப்டொப்பை மூடினாள். "இப்ப பாத்தால் கண்ணூறு படும். சனிக்கிழமை பாருங்கோ."

சனிக்கிழமை நல்ல வெயில். பாலா நேரத்துக்கே வந்து ஹோர்ன் அடித்தார். முன் சீற்றில் அவருடைய மனைவி கலாவும் இருந்தாள். தூண்டில் தடி கதவடியில் சாத்தியபடி தயாராக நின்றது. இந்திரகுமார் தொப்பியையும் போட்டுவிட்டுத்தான் பெட்டிக்கு முன்னால் வந்தார். பெருவிரல் சிவப்பில். நடுவிரல் கறுப்பில்.

திரை வெளித்தது. ஆறு மொட்டை.

அவர் தொப்பியைக் கழற்றினார். குனிந்து பார்த்தார். இடப்பக்கத்தில் இருந்து எண்ணினார், வலப்பக்கத்தில் இருந்தும் எண்ணினார். புல்லு வெட்ட ஒரு மொட்டை, குப்பைக்கு ஒரு மொட்டை, பானைக்கும் ரொயிலற்றுக்கும் ஒவ்வொன்று. ஆறு மொட்டையும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இதில ஏதோ பிழை," என்றார்.

"குலுக்கல் எண்டால் அப்பிடித்தானே. சில நேரம் வரும்," என்றாள் சுஜீவா.

"இல்லை, சுஜீவா, இது வரவே ஏலாது. இன்னொருக்கா அமத்திப் பாப்பம்."

"பிள்ளையாருக்கு முன்னால என்ன சொன்னனீங்கள்?"

அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. எழுதியதே அவர்தானே. ஏன் வராது என்று விளக்க வேண்டுமானால் கறுப்புப் பட்டனில் இருந்து தொடங்க வேண்டும். அதில் இருந்து தொடங்க முடியாது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் சாமானைப் பற்றி ஒரு விளக்கமும் இல்லாமல் நின்றார்.

வெளியே பாலா இறங்கி வந்தார். "சார், ரெடியா? காத்து அமந்து கெடக்கு, இன்னைக்கு அள்ளலாம்."

"அவருக்கு இண்டைக்கு வேலை இருக்கு, பாலா. நான் வாறன்," என்று சுஜீவா செருப்பைப் போட்டாள்.

காருக்குள் இருந்து கலா கையை ஆட்டினாள். "வாங்கக்கா. நீங்க போன்ல சொன்ன மாதிரியே மூணு பேருக்கும் இட்லி கட்டிட்டு வந்துட்டேன்."

சுஜீவா தூண்டில் தடியை எடுத்தாள். ஒரு நிமிசம் யோசித்துவிட்டு, அவருடைய கையில் இருந்த தொப்பியையும் எடுத்தாள். "போயிற்று வாறன்," என்றாள். கார் தெருமுனை திரும்பும் மட்டும் இந்திரகுமார் வாசலில் நின்றார். பிறகு உள்ளே போய் வாக்கியூமை எடுத்தார்.

ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் வந்து லப்டொப்பைத் திறந்து புரோகிராமைப் பார்த்தார். உடுப்புக் காயப்போட்டுவிட்டுப் பார்த்தார். புல்லு வெட்டிவிட்டு, காலில் ஒட்டிய புல்லோடு வந்து பார்த்தார். கறுப்பை அமத்தினால் கொண்டை முகம் மொட்டை முகத்தின் இடத்துக்குப் போக வேண்டும். போகச் சொல்லித்தான் எழுதியிருந்தது. ஒரு எழுத்துப் பிழையில்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது.

இரண்டு மணிக்குச் சுஜீவா வந்தாள். முகம் வெயிலில் சிவந்து, கண் சிரித்தபடி. சிங்குக்குள் கணவாய்ப் பையைக் கவிழ்த்தாள். பதினொன்று. அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாள் என்று இந்திரகுமார் யோசித்தார். விடை வராதபடியால் அந்த யோசனையை விட்டார்.

"புரோகிராமை முழுக்கப் பாத்திட்டன்," என்றார். "ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்கு விளங்கேல்லை."

"பிழை இல்லைத்தான். கீழ இருக்கிற அந்தக் கறுப்பு பட்டனும் நல்லா வேலை செய்யுது."

இந்திரகுமார் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கிப் பூட்டினார்.

"எப்ப கண்டனீர்?" என்றார்.

"போன ஞாயிறு, தூசி துடைக்கேக்க. அதுக்குத்தான் திரையில படமில்லையே, நான்தானே துடைக்கிறனான். பெட்டியைத் தூக்க விரலில பட்டுது. சிவப்பை மட்டும் அமத்தினால் ரெண்டு பேரும் வருகினம், அதையும் சேத்து அமத்தினால் ஆறும் நான்."

"அப்ப என்ர படத்தில என்ன செய்தனீர்?"

"உங்கட படத்தை நான் தொடவேயில்லை." சுஜீவா கதிரையை இழுத்துப் போட்டு, காலை நீட்டி இருந்தாள். "என்ர படத்தில கொண்டையை அவிட்டு விட்டனான், அவ்வளவுதான்."